நாவல் நடந்த நிலம்: புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு

கோடைக்கானல் நாயுடுபுரத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன் நான். வகுப்பில் பிரான்டே சகோதரிகளையும் தாமஸ் ஹார்டியையும் நடத்திய பழக்கத்தால், நாவல்களில் வரும் இடங்களை நேரில் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் இன்றும் என்னைத் தேடி வருகிறார்கள். அநேகமாக எல்லோரும் முதலில் கேட்பது இங்கிலாந்துக்குப் போவது எப்படி என்றுதான். ஆசை நல்லது, ஒரு நாள் போய் வாருங்கள். ஆனால் ஒரு நாவலின் நிலத்தைப் பார்ப்பதற்குக் கண்ணும் காலும் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தை வத்தலகுண்டு பஸ்ஸில் ஏறியே தொடங்கிவிடலாம். அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. யார் எங்கிருந்து எங்கே போனார்கள், நடந்தா வண்டியிலா, எவ்வளவு நேரம் ஆயிற்று, என்ன மாதம், எந்தப் பக்கம் ஆறு, என்ன மரம், என்ன சாப்பிட்டார்கள் என்பதையெல்லாம் ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். பிறகு ஒரு தாளில் உங்கள் கையாலேயே வரைபடம் போடுங்கள். ஹார்டி 1878-இல் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்' நாவலை வெளியிட்டபோது கதை நடக்கும் இடத்துக்குத் தானே ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். டார்செட் பகுதியின் உண்மையான ஊர்களுக்கு அவர் வேறு பெயர் சூட்டினார். டார்செஸ்டர்தான் அவருடைய காஸ்டர்பிரிட்ஜ். வரைந்து பார்த்தால்தான் நாவலாசிரியர் எங்கே அளந்து எழுதினார், எங்கே தூரத்தைச் சுருக்கினார் என்பது தெரியும்.

2. முதல் பயணம் வத்தலகுண்டுக்கு.

கோடைக்கானலுக்கு வருகிறவர்கள் வத்தலகுண்டில் டீ குடிக்க இறங்குவார்கள், வாழைப்பழம் வாங்குவார்கள், மறுபடி ஏறிவிடுவார்கள். தமிழ் நாவலின் தொடக்க காலத்து ஊர்களில் அது ஒன்று என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜமய்யர் 1872-இல் பிறந்தது அங்கேதான். அந்தக் கதை 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்து 1896-இல் புத்தகமானது. அதே ஆண்டு தொடங்கிய 'பிரபுத்த பாரதா' என்ற ஆங்கில இதழுக்கும் அவரே ஆசிரியர். 1898-இல் 26 வயதில் காலமாகிவிட்டார். 'மணிக்கொடி' பி.எஸ். ராமையாவும் வத்தலகுண்டுக்காரர். சின்னமனூரில் பிறந்த சி.சு. செல்லப்பா வளர்ந்ததும் அதே ஊரில். ஒரு மலையடிவாரச் சிற்றூருக்கு மூன்று எழுத்தாளர்கள் என்பது சாதாரண விஷயம் அல்ல.

ராஜமய்யரின் கதை நடக்கும் ஊருக்குச் சிறுகுளம் என்று பெயர். சிறுகுளம் எந்த ஊர் என்ற விடையைத் தேடி அலைய வேண்டாம். வத்தலகுண்டில் இறங்கி, பெரிய சாலையை விட்டு உள்ளே நடங்கள். தெருவின் அகலம், திண்ணை இருந்த வீடுகளின் எச்சம், கோயிலிலிருந்து வாய்க்கால் எவ்வளவு தூரம், வடமேற்கே மலை எப்படி எழுந்து நிற்கிறது என்பதையெல்லாம் பாருங்கள். இந்த நாவலில் ஊர் வம்பு ஒரு பாத்திரம் மாதிரியே வளர்கிறது. ஒரு வீட்டுச் சொல் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது, அப்படிப்பட்ட தெருவில் நடந்து பார்த்தவனுக்குத்தான் புரியும். கொள்ளைக்காரன் பேயாண்டித் தேவன் வரும் பகுதிகளைப் படித்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் ஊர் எல்லைவரை நடந்து பாருங்கள். மின்விளக்கு இல்லாத காலத்தில் ஊருக்கும் காட்டுக்கும் நடுவில் இருந்த பயத்தைக் கொஞ்சமாவது ஊகிக்கலாம்.

செல்லப்பாவின் 'வாடிவாசல்' 1959-இல் வந்தது. அதைப் படித்துவிட்டுத் தை மாதம் இந்தப் பக்கத்து ஜல்லிக்கட்டு ஒன்றுக்குப் போங்கள். செல்லப்பா ஜல்லிக்கட்டைக் கிட்ட நின்று பார்த்தவர், கேமராவால் படமும் எடுத்தவர். கதைநாயகன் பிச்சி காரிக்காளை முன் நிற்கும் பக்கங்களில் ஒரு சொல்கூட அதிகமாக இராது. வாடி திறக்கும் நேரத்தில் யோசிக்க அவகாசம் இல்லை என்பதைக் கண்ணால் கண்டவர் எழுதிய வேகம் அது.

3. பலகையைப் படிக்காமல் ஏமாறாதீர்கள்.

எமிலி பிரான்டேயின் 'வதரிங் ஹைட்ஸ்' 1847-இல் வெளிவந்தது. யார்க்ஷயரில் ஹாவர்த் ஊருக்கு மேலே, காற்று அறையும் மேட்டில் டாப் விதன்ஸ் என்ற இடிந்த பண்ணைவீடு இருக்கிறது. அதுதான் நாவலில் வரும் வீடு என்று நெடுங்காலமாக மக்கள் தேடிப் போகிறார்கள். பிரான்டே சங்கமே 1964-இல் அங்கே ஒரு கல்பலகை பதித்தது. எமிலி அந்த மேட்டை மனத்தில் வைத்திருக்கலாம், ஆனால் கட்டடம் நன்றாக இருந்த காலத்தில்கூட நாவல் வர்ணிக்கும் வீட்டை ஒத்திருக்கவில்லை என்பது அதன் சாரம். எனக்கு இந்தப் பலகை மிகவும் பிடிக்கும். வருகிறவரைத் திருப்பி அனுப்பாமல், பொய்யும் சொல்லாமல், எழுத்தாளருக்கு அந்த இடம் கொடுத்தது வீட்டை அல்ல, காற்றையும் உயரத்தையும் தனிமையையும்தான் என்று புரிய வைக்கிறது. நம் ஊர்ச் சுற்றுலா இடங்களிலும் இப்படி நேர்மையான பலகைகள் வர வேண்டும்.

4. கல்லில் இருப்பது எது, கதையில் சேர்ந்தது எது என்று பிரித்துப் பழகுங்கள்.

இதற்குப் 'பொன்னியின் செல்வன்' அளவுக்கு நல்ல பாடப்புத்தகம் கிடையாது. கல்கி 1950-இல் தொடங்கி 1954 வரை தொடராக எழுதினார். நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவ பண்டாரத்தார் ஆகியோரின் சோழ வரலாறுகளை அடித்தளமாக வைத்துக்கொண்டார். ஓவியர் மணியத்தையும் அழைத்துக்கொண்டு இலங்கைவரை போய்ப் பார்த்தார். வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வரும் வீரநாராயண ஏரி இன்றைய வீராணம். முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்டு, அவனுடைய விருதுப் பெயரைத் தாங்கியது. அந்த ஏரிக்கரையில் நின்றுவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதி வழிதான் வந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரையும் உறவினரையும் குறித்து, அவர்களின் சொத்து பறிக்கப்பட்டதைச் சொல்கிறது.

ரவிதாசன் என்ற பெயரைப் படித்ததும் நாவலின் சதிகாரன் நினைவுக்கு வருவான். ஆக அவன் கல்லில் இருக்கிறான். நந்தினியைத் தேடினால் எந்தக் கல்லிலும் இல்லை. பூங்குழலியும் கல்கியின் கற்பனை. பழுவேட்டரையர் குலம் கல்லில் இருக்கிறது, கீழப்பழுவூர், மேலப்பழுவூர்க் கோயில்களில் அவர்களைப் பார்க்கலாம். உங்கள் நோட்டில் நடுவில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் கல், மறுபக்கம் கதை என்று எழுதிக்கொண்டே போங்கள். இதனால் கதையின் மதிப்பு குறைந்துவிடாது. கல்வெட்டு சொத்துப் பறிப்போடு நின்றுவிடுகிறது, ஏன் கொன்றார்கள் என்று சொல்வதில்லை. கல்கி நந்தினியைக் கொண்டுவந்து நிறுத்தியது சரியாக அந்தக் காலி இடத்தில். அதைக் கண்டுபிடிக்கும் நிமிடத்தில்தான் ஒரு நாவல் எப்படிப் பிறக்கிறது என்பது பிடிபடும்.

5. புத்தகத்து மனிதர்கள் போன வழியில், முடிந்தமட்டும், அவர்கள் போன வேகத்தில் போங்கள்.

இன்று வத்தலகுண்டு, காட்ரோடு, பெருமாள்மலை வழியாக மூன்று மணி நேரத்துக்குள் மேலே வந்துவிடுகிறோம். இந்த மலைப்பாதை முதல் உலகப்போர்க் காலத்தில்தான் வண்டிகளுக்குத் திறந்தது. அதற்கு முன், 1875-இல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்தது. அங்கிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கத்துத் தோப்புவரை வந்து, மேலே குதிரையிலோ நடந்தோ அல்லது ஆட்கள் தோளில் சுமக்கும் நாற்காலியிலோ ஏற வேண்டும். அந்தப் பழைய வழியில்தான் வெள்ளகவி இருக்கிறது. தார்ச்சாலை எட்டாமல் பல தலைமுறை வாழ்ந்த ஊர். வட்டக்கானலிலிருந்து இறங்கினால் வெள்ளகவி, அதற்குக் கீழே கும்பக்கரை.

வனத்துறை அனுமதி வாங்காமல் இந்த வழியில் கால் வைக்கவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அவர்கள் போகாதே என்றால் போகாதீர்கள்.

6. இன்று கண்ணில் படும் மரம் அன்று அங்கே இருந்ததா என்று கேளுங்கள்.

எங்கள் தெருவிலிருந்து குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். வருகிறவர்களை நான் முதலில் கூட்டிப்போவது அங்கேதான். விடிந்ததும் போக வேண்டும். மேகம் ஏறுவதற்குள் கோயிலுக்குப் பின்னால் போய் நின்றால் வடக்கே சமவெளியும் பழனி மலையும் துலக்கமாகத் தெரியும். வழியில் சரிவைப் பாருங்கள். சீகை மரம் என்று ஊரில் சொல்லும் வாட்டில், பைன், யூக்கலிப்டஸ் என்று நெருக்கமாக நிற்கும். புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் காடு என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். இவையெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. அதற்கு முன் இந்த மலையின் மேற்பரப்பு பெரும்பாலும் திறந்த புல்வெளி, நீர் ஓடும் மடிப்புகளில் மட்டும் சோலை. ஏரியும் இயற்கையாக அமைந்ததல்ல, 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த வீர் லெவிஞ்ச் அணை கட்டி உண்டாக்கியது. ஆகவே ஒரு பழைய புத்தகத்தில் கோடைக்கானல் வந்தால், பைன் மரங்களை மனத்திலிருந்து அகற்றிவிட்டு, புல்லையும் காற்றையும் வைத்துப் படியுங்கள்.

குறிஞ்சிச் செடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பூக்காத வருஷத்தில் அது இடுப்பளவு உயரமுள்ள ஒரு சாதாரணப் புதர். தண்டில் கணுக்கள், எதிரெதிரே இலை, இலையின் ஓரத்தில் நுண்ணிய பற்கள். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பன்னிரண்டாம் ஆண்டில் நீலமும் ஊதாவும் கலந்த மணிகளாகப் பூத்து, விதை உதிர்த்து, செடியே காய்ந்து போகும். கடைசியாக 2018-இல் பூத்தது, அதற்கு முன் 2006. நா. பார்த்தசாரதி 'மணிவண்ணன்' என்ற பெயரில் எழுதிய 'குறிஞ்சி மலர்' நாவலில் பூரணியும் அரவிந்தனும் திருப்பரங்குன்றத்தையும் மதுரையையும் சேர்ந்தவர்கள். கோடைக்கானலும் கதைக்குள் வருகிறது. 2018-இலிருந்து பன்னிரண்டு பன்னிரண்டாகப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்: 2006, 1994, 1982, 1970, 1958. நாவல் வந்த ஆண்டை உங்கள் பதிப்பில் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இப்படிக் கணக்குப் போடும் பழக்கம் வந்துவிட்டால் எந்த நாவலையும் சும்மா படிக்க மனம் வராது. ஒரு எச்சரிக்கை: எல்லாச் சரிவும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. நீலகிரிக் கணக்கை இங்கே கொண்டுவந்து பொருத்தாதீர்கள்.

கோயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1936-இல் இதைக் கட்டியவர் லீலாவதி ராமநாதன். இந்து சமயத்தைத் தழுவிய வெள்ளைக்காரப் பெண்மணி, இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி. ராமநாதன் யாழ்ப்பாணத்தில் பெண்களுக்குக் கல்லூரி கண்டவர். இந்தக் கோயிலுக்கு நூறாண்டு முன்பு, 1834-இல், யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள்தான் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு 1845-இல் இந்த மலைமேல் முதல் வீடுகளைக் கட்டினார்கள். எங்கள் ஊர் வரலாற்றின் இரண்டு முனைகளையும் யாழ்ப்பாணம் தொட்டு நிற்கிறது. இதை வைத்து இன்னும் யாரும் ஒரு நல்ல நாவல் எழுதவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. உங்களில் ஒருவர் எழுதலாம்.

7. கல்லறைகளையும் பதிவேடுகளையும் தவிர்க்காதீர்கள்.

'ஜேன் அயர்' நாவலில் குழந்தைகள் நோயில் சாகும் லோவுட் பள்ளியைப் படிக்கும்போது அது மிகையாகத் தோன்றலாம். சார்லட் பிரான்டே 1824-இல் சேர்ந்த கோவன் பிரிட்ஜ் பள்ளியிலிருந்து நோயோடு வீடு திரும்பிய அவருடைய அக்காக்கள் மரியாவும் எலிசபெத்தும் 1825-இல் அடுத்தடுத்து இறந்தார்கள். 11 வயது, 10 வயது. எங்கள் மலையின் பழைய கல்லறைகளில் வயதுகளை மட்டும் படித்துக்கொண்டே போங்கள். ஆங்கில நாவல்களில் ஏன் அவ்வளவு சின்னப் பிள்ளைகள் சாகிறார்கள் என்று வகுப்பில் கேட்பதை நிறுத்திவிடுவீர்கள்.

8. காதையும் கொண்டுபோங்கள்.

இ.எம். ஃபார்ஸ்டரின் 'எ பாசேஜ் டு இந்தியா' (1924) நாவலில் வரும் மராபார் குகைகளுக்கு மூலம் பீகாரில் உள்ள பராபர் குகைகள். ஃபார்ஸ்டர் 1913-இல் அங்கே போனார். அசோகர் காலத்தில் ஆசீவகத் துறவிகளுக்காகக் குடைந்து, கருங்கல் சுவரைக் கண்ணாடிபோல் மெருகிட்டவை. அந்த மெருகினால்தான் உள்ளே ஒரு சின்ன ஒலிகூட நீண்டு முழங்குகிறது. நாவலின் திருப்பமே அந்த எதிரொலியில் இருக்கிறது. படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு அது கிடைக்காது.

9. புத்தகத்துக்குப் பின்னால் இன்னொரு புத்தகம் இருக்கும்.

'ராபின்சன் குருசோ' (1719) என்றதும் தென்கடல் தீவில் தனித்து விடப்பட்ட அலெக்சாண்டர் செல்கர்க்கைச் சொல்வார்கள். ஆனால் டேனியல் டிஃபோ படித்த இன்னொரு மனிதரின் கதை நம் பக்கத்தில் நடந்தது. புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற கப்பல் அதைச் சீர்செய்யத் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. 1660-இல் கப்பல் தலைவரும் அவருடைய மகன் ராபர்ட் நாக்ஸும் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிக்கினார்கள். தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் ஏறக்குறைய 19 ஆண்டு மலைநாட்டுக் கிராமங்களில் இருந்தார். தொப்பி பின்னினார், நெல் கடன் கொடுத்தார், அநுராதபுரக் காடு வழியாக நடந்து 1679-இல் மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையில் டச்சுக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தார். 1681-இல் அவர் எழுதி வெளியிட்ட இலங்கை வரலாறு குருசோவுக்கு ஊற்றுகளில் ஒன்று என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். டிஃபோ பிறகு எழுதிய 'கேப்டன் சிங்கிள்டன்' நாவலுக்குள் நாக்ஸின் கதையை வெளிப்படையாகவே சுருக்கிச் சொன்னார். அரிப்பில் இடிந்த கோட்டைச் சுவர் இன்றும் கடலோரமாக நிற்கிறது. உலகமெங்கும் பிள்ளைகள் படிக்கும் ஓர் ஆங்கில நாவலின் ஒரு வேர் தமிழ் பேசும் இரண்டு கரைகளுக்கு நடுவே ஓடுகிறது என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

10. சுமந்தவர் யார் என்று கேளுங்கள்.

எல்லாவற்றிலும் இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். மலை வாசஸ்தலங்களைப் பற்றிய பழைய ஆங்கில எழுத்தில் ரோஜாத் தோட்டம் இருக்கும், தேநீர் இருக்கும், மூடுபனி இருக்கும். அந்தத் தேநீரைக் குடிக்கும் வெள்ளைக்கார அம்மாவை நாற்காலியோடு மேலே தூக்கி வந்த ஆளுக்கு அநேகமாகப் பெயர் இராது. மேசை, பியானோ, கண்ணாடி ஜன்னல் எல்லாம் பெரியகுளம் பக்கத்திலிருந்து மனிதத் தோளிலும் தலையிலும்தான் ஏறின. நாவலில் ஒரு வீடு வந்தால் அதன் சமையலறைக் கதவு எங்கே, வேலையாட்கள் எங்கே படுத்தார்கள் என்று தேடுங்கள். இங்கே பழைய பங்களாக்களுக்குப் பின்னால் அந்தச் சின்ன அறைகள் இன்னும் இருக்கின்றன.

அந்த ஆட்களையே நடுவில் வைத்து எழுதப்பட்ட ஓர் ஆங்கில நாவல் நம் பக்கத்து மலையிலிருந்து வந்தது. டாக்டர் பி.எச். டேனியல் எழுதி 1969-இல் வெளியான 'ரெட் டீ'. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த அவர், தொழிலாளர்கள் வாயால் கேட்டதை வைத்து எழுதினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் கங்காணியின் முன்பணத்தை நம்பி மலையேறுகிறார்கள். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். பாலாவின் 'பரதேசி' படத்துக்கும் அதுவே மூலம். படித்துவிட்டு வால்பாறைக்குப் போய், அழகான பச்சைச் சரிவின் முன் நில்லுங்கள். அந்தச் சரிவில் முதலில் காட்டை வெட்டியவர்களும், பனியில் இலை பறித்தவர்களும், மலேரியாவில் செத்தவர்களும் யார் என்று தெரிந்தபின் பார்க்கும் பார்வை வேறு.

ராஜம் கிருஷ்ணனை இந்தப் பயணங்களுக்கு முன்னோடியாக வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் இருந்தபோது படகர் வாழ்வைக் கூடவே இருந்து பார்த்து, 1963-இல் 'குறிஞ்சித்தேன்' எழுதினார். தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய் 'கரிப்பு மணிகள்' எழுதினார். அவர் போன இடங்களுக்கு அவர் நூல்களோடு போனால், கேள்வி கேட்பது எப்படி என்பதையும் கற்றுக்கொள்ளலாம்.

11. ஊர்க்காரர்களிடம் புத்தகத்தைப் பற்றி முதலில் பேசாதீர்கள்.

மழை எப்படி, பூண்டு என்ன விலை, பஸ் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். வெள்ளகவியில் ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை. நீங்களும் கழற்றுங்கள். யாருடைய வீட்டையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வயதானவர்கள் ஒரு வழியையோ பெயரையோ சொன்னால் அங்கேயே தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் சொன்ன சொல்லிலேயே. வீட்டுக்கு வந்ததும் ஒரு பிரதி எடுத்து அந்த ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ கொடுத்துவிடுங்கள். ஏப்ரல், மே சீசன் கூட்டத்தில் வராமல், இ-பாஸ் எடுத்துக்கொண்டு ஜூலைக்குப் பிறகு ஒரு வார நாளில் வாருங்கள். நாயுடுபுரத்தில் இறங்கி யாரிடம் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள்.